என் வயிற்றுக்குள் நடந்த சோப்புக் கம்பெனி

சொந்த உடம்புக்காக வாங்கிய மாத்திரையை முழுங்காமல் ஏமாற்றுகிறவன் என்று சொந்த வீட்டிலேயே பட்டம் வாங்கிய மனிதன் தூத்துக்குடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு வேறு பட்டங்களும் உண்டு. சோம்பேறி, வாயாடி, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியிலும் உட்காருகிறவன். அவற்றை மறுத்துப் பேச எனக்கு முகம் கிடையாது. அதெல்லாம் நானே உழைத்துச் சம்பாதித்தவை. ஆனால் மாத்திரை விஷயத்தில் நான் நிரபராதி. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கிற அந்த ரத்தத்தில் அப்போது கால்சியம் இல்லை என்பதுதான் வழக்கே.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன். ஏணியில் ஏறி, கண்ணாடித் தரை போட்ட அறையில் உட்கார்ந்து, காலுக்கடியில் கப்பலையும் லாரியையும் பார்த்தபடி இரண்டு கையிலும் லீவரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். தரையில் என்னைப் பார்க்கிறவன் மதிக்க மாட்டான். குள்ளம், வழுக்கை, ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. ரேஷன் கடை வரிசையில் என்னைத் தாண்டிப் போகாத ஆள் இல்லை. மேலே ஏறிவிட்டால் நான் வேறு மனிதன். ஒரு வீடு அளவு இருக்கும் இரும்புப் பெட்டியை, கீழே நிற்கும் லாரி டிரைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தாத அளவுக்குச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பேன். என் வாழ்க்கையில் நான் அடக்கமில்லாமல் பேசக்கூடிய விஷயம் இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்டவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி கறுத்துப் போயிற்று என்று ஒரு நல்ல நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்தார்கள். வெட்டியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெட்டாமல் இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. என் கோபமெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் சொன்ன ஒற்றை வரியின் மேல்தான்.

"நல்லா சத்தா சாப்பிடுங்க."

எங்கள் ஊரில் ஒருவனைப் பார்த்து இப்படிச் சொல்வது, வைக்கோல்படப்புக்குள் ஆளை உட்கார வைத்துக் கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, வெளிச்சமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வருவது மாதிரி. சத்து என்றால் எங்களுக்கு என்ன என்று அந்த ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தேங்காயின் முதல் பால் கெட்டியாக மிதக்கும் சொதி சத்து. கொழுப்பு மினுங்கும் சாளை மீனைப் பொரித்து, பொரித்த எண்ணெயையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் அது பெரிய சத்து. எண்ணெயில் முழுகி எழுந்த பரோட்டா, நோயாளிக்குத் தெம்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தலைமைச் சத்தாக, நெய்.

நெய் எங்கள் குடும்பத்தில் உணவுப் பொருள் இல்லை, சம்பந்தி. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு, ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் கடையில் மற்ற சாமான்கள் சாமான்கள். நெய் மட்டும் அவருடைய குணநலன். நான் வீடு திரும்பிய அன்றே ஒரு தூக்குவாளி நிறைய நெய்யோடு வந்து நின்றார்.

"வேய் மாப்ள, வெட்டின குடல் வறண்டு கிடக்கும். இத ஊத்துனாத்தான் வழுக்கிட்டு ஓடும். பயப்படாம சாப்பிடும்."

வழுக்கிட்டு ஓடியது உண்மைதான். அதை அவர் சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை தரம் ஓடினேன் என்பதைக் கௌரவம் கருதி விட்டுவிடுகிறேன். ஓடியதை வீட்டில் சொல்லவுமில்லை. உடம்பு இளைத்தது. இளைத்ததைப் பார்த்து மனைவி இன்னொரு கரண்டி ஊற்றினாள். இன்னும் இளைத்தது. மச்சான் தூக்குவாளியைப் பெரிதாக்கினார்.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. பிறகு விரல் நுனிகளில். பரோட்டா எண்ணெயைச் சரியாகத் துடைக்காததால் நிஜமாகவே எறும்பு வந்துவிட்டதோ என்று இரண்டு முறை கண்ணாடி பார்த்தேன். அப்புறம்தான் அது நடந்தது.

கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தூக்கிக் கரைப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். வலது கை விரல்கள் தாமாக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு வளைந்து, லீவரை விட்டுவிட்டது. பிடித்திருந்த கையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. லீவரை விட்டால் எல்லாம் அப்படியே நிற்கும்படிதான் கிரேனைச் செய்திருக்கிறார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி மட்டும் அந்தரத்தில் நின்றது. கீழே வேலை செய்தவர்களெல்லாம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். என்னைவிட இளையவன். குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான்.

"அண்ணாச்சி, பெட்டி என்ன வெயில் காயுதா?"

"கை விரிய மாட்டேங்கு."

"விரியலன்னா?"

"விரியலன்னா விரியல. ஆள அனுப்பு."

வேறு ஆள் ஏறிவந்து பெட்டியை இறக்கினான். நான் இறங்கி வருவதற்குள் கை பழையபடி விரிந்துவிட்டது. அதுதான் எனக்கு வந்த பெரிய வினை. விரிந்த கையோடு போய், கை விரியவில்லை என்று யாரிடம் சொல்வது? சூப்பர்வைசர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஜோசியம் பார்க்கிறவன் போல.

"நடிப்பு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. லீவு வேணும்னா கேட்டிருக்கலாம்லா."

கம்பெனி டாக்டர் தகுதிச் சான்று கொடுக்கும்வரை கிரேனில் ஏறக்கூடாது என்றார்கள். கேட்டில், கையில் ஒரு விசிலைக் கொடுத்து லாரிகளுக்கு வழிகாட்ட நிறுத்தினார்கள். மேலே இருந்து கப்பல் சரக்கையே இறக்கியவன், கீழே நின்று விசில் ஊதினேன். என் விசிலுக்கு லாரி நின்றதில்லை. ஒரு ஆடு நின்றது. சான்று கிடைக்காவிட்டால் இதுதான் நிரந்தரம் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

தெருமுனைக் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். கால்சியம் குறைவு. அதுதான் விரலை இழுக்கிறது என்று மாத்திரை எழுதினார் அங்கிருந்த டாக்டர். எனக்கு முதலில் வந்தது அவமானம். சுற்றிலும் கடலடியில் சிப்பியும் சங்கும் கொட்டிக் கிடக்கிற ஊர் இது. எல்லாம் கால்சியம். எங்கள் ஊர் முத்துகூட உரித்துப் பார்த்தால் கால்சியம்தானாம். மாத்திரை டப்பாவிலேயே சிப்பிப் படம் போட்டிருந்தது. இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கால்சியம் இல்லை என்றால், உப்பளத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டுக் குழம்பில் உப்பில்லை என்ற மாதிரி.

மாத்திரை சாப்பிட்டேன். மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். ஏறவில்லை. மூன்றாம் தரம் அந்த டாக்டர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "ஒழுங்கா போடுதாரா?" என்று கேட்டார். நோயாளி நான். கேட்டது என் மனைவியிடம்.

ஒரு டாக்டர் வாயிலிருந்து விழுந்த இந்தக் கேள்வி என் குடும்ப வாழ்க்கைக்குள் என்னவெல்லாம் செய்தது என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் சந்தேகத்துக்குரிய நபர். தலையணைக்கு அடியில் தேடினாள். சட்டைப் பையைத் தடவினாள். ஒரு நாள் காலையில் கறிவேப்பிலைச் செடித் தொட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"முட்டை ஓடு. நீதான் செடிக்குப் போட்ட."

"முட்டை ஓடா? கனமா இருக்கு."

"நாட்டுக் கோழியா இருக்கும்."

"பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல. உங்களுக்குக் கிரேன்ல ஏறணும்னு நெனப்பு இருக்கா இல்லையா? கேட்ல நிழல்ல நின்னு விசில் ஊதுறது சொகமா இருக்குன்னு இருக்கியளா?"

மச்சானை வரவழைத்துப் பஞ்சாயத்து நடந்தது. அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். கடையில் கணக்குத் தப்பினால் வேலைக்காரனை இப்படித்தான் விசாரிப்பார்.

"மாப்ள, நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லும். மாத்திரைய எங்கவே போடுதீரு?"

"வாயிலதான் மச்சான்."

"வாயில போட்டது வயித்துக்குப் போகணும்லா?"

"போகுது."

"வயித்துக்குப் போனது ரத்தத்துக்குப் போகணும்லா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அங்கன நான் வேலை பாக்கல."

தீர்ப்பு உடனே வந்தது. இனிமேல் மாத்திரையை என் கையில் கொடுப்பதில்லை. மனைவியே சோற்றைப் பிசைந்து, நடுவில் மாத்திரையை வைத்து உருட்டி, அவள் கண் முன்னால் நான் முழுங்க வேண்டும். மாத்திரை தொண்டையில் நின்று நான் துப்பிவிடக் கூடாது என்பதற்காக, உருண்டையில் நெய்யைத் தாராளமாக விடவேண்டும் என்பது மச்சானின் சிறப்பு யோசனை. அப்படியே நடந்தது. தெருவில் ஒரு வீட்டில் நாய்க்குப் பூச்சி மருந்து இப்படித்தான் கொடுக்கிறார்கள். அதற்காவது கடைசியில் முதுகில் தடவிக் கொடுப்பார்கள்.

இத்தனை பாதுகாப்போடு, சாட்சி வைத்து, நெய்யில் குளித்து என் வயிற்றுக்குள் போன கால்சியம் ஏறியதா என்று கேட்கிறீர்கள். முன்பு இருந்ததைவிடவும் இறங்கியது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என் மேல் இருந்த சந்தேகத்தை விட்டிருப்பார்கள். என் மனைவி விடவில்லை. கன்னத்தில் அடக்கி வைத்துப் பிறகு துப்புகிறேனோ என்று வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். அங்கே அவள் கண்டுபிடித்தது ஒரு சொத்தைப் பல். அதற்கும் திட்டு விழுந்தது.

கடைசியில், வயிறு, குடல் மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனோம். நடுவயதுப் பெண்மணி. பழைய காகிதத்தையெல்லாம் படித்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் மேல்கையில் சுற்றிக் காற்றடித்தார். அடித்தவர் இறக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் விரல்கள் நீண்டு ஒட்டின. கட்டைவிரல் உள்ளே போயிற்று. மணிக்கட்டு வளைந்தது. கிரேனில் வந்த அதே கை.

என் மனைவி அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். எழுந்து வந்து என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

"இதத்தான் நடிப்புன்னு சொன்னானா அந்த சூப்பர்வைசர்?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. என் பக்கம் அவள் கட்சி மாறிய அந்த நேரத்தில், டாக்டர் பட்டையை இறக்கிவிட்டு என்னை ஒரு கேள்வி கேட்டார்.

"வெளிக்குப் போறது மிதக்குதா?"

ஒரு மனிதனை அவன் மனைவிக்கு முன்னால் கேட்கக்கூடிய கேள்வியா இது? நான் மின்விசிறியைப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. வெளுப்பாக இருக்குமா, பசபசவென்று ஒட்டுமா, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்குமா என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் வீட்டுக் கக்கூஸை எட்டிப் பார்த்த மாதிரியே பேசினார். கப்பல் எந்தக் கோடு வரைக்கும் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்தே உள்ளே சரக்கு ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிற தொழில்காரன் நான். தினமும் காலையில் என் கண் முன்னால் மிதந்ததைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மிதக்கும்," என்றேன் மின்விசிறியிடம்.

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதையெல்லாம் எப்படி டாக்டர் சொல்றது?"

"குடல்ல ஆபரேஷன் பண்ணினவரு இதத்தான் முதல்ல சொல்லணும்," என்றார். பிறகு ஒரு தாளை இழுத்து, ஒரு வளைந்த குழாயை வரைந்து, கடைசிப் பகுதியைக் கோடு போட்டு அடித்தார்.

"இந்த இடம்தான் உங்களுக்குப் போனது. கொழுப்பு செரிக்கப் பித்தம் வேணும். வேலைய முடிச்ச பித்தத்தை இந்த இடம்தான் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பும். இது போனதால பித்தம் பத்தல. நீங்க சாப்பிடுற கொழுப்பு, கொழுப்பு அமிலமா உடைஞ்சதோட சரி, பாதி உள்ள போகாம குடல்லயே கிடக்கு. சும்மா கிடக்காது. பக்கத்துல வர்ற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிச்சு ஒட்டிக்கும். ஒட்டினது தண்ணியில கரையாது. கரையாதது ரத்தத்துக்குள்ள போகாது. அப்படியே வெளிய போயிடும். அதுக்குப் பேரு சோப்பு."

"சோப்பா?"

"சோப்புதான். கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்தா சோப்பு."

நான் விழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு வாளியில படியுமே டாக்டர், வெள்ளையா, தேய்ச்சாலும் போகாம, அதுவா?"

"உங்க வீட்டுல போர் தண்ணியா?"

"ஆமா. சோப்பு நுரையே வராது. தயிர் திரிஞ்ச மாதிரி திப்பி திப்பியா வரும்."

"அதேதான். உங்க தண்ணியில இருக்கிற கால்சியம் சோப்பைப் பிடிச்சுக்குது. இவரு வயித்துல இவரு கொழுப்பு கால்சியத்தைப் பிடிச்சுக்குது."

டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மனைவியும் ஆட்டினாள். படித்த இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருந்தது. வயிறு என்னுடையது, விளங்கியது அவளுக்கு. இதிலும் எனக்கு வருத்தம்தான்.

அதற்குப் பிறகு மெதுவாக எனக்கும் உறைத்தது. உறைக்க உறைக்கக் கோபம் ஏறியது. நான் முழுங்கிய மாத்திரை அத்தனையும் உள்ளே போய்ச் சோப்பாகியிருக்கிறது. அதுவும் சும்மா இல்லை. மாத்திரையை நெய் உருண்டைக்குள் வைத்து, கால்சியத்தையும் கொழுப்பையும் கை கோக்க வைத்து, ஜோடியாக அனுப்பி வைத்திருக்கிறார்கள். நான் திருடாமல் இருக்க என் வீட்டில் செய்த காவல்தான் திருட்டே. எவ்வளவு பத்திரமாகக் கொடுத்தார்களோ அவ்வளவு பத்திரமாக அது கக்கூஸுக்குப் போய்ச் சேர்ந்தது. எலும்புக்குப் போக வேண்டிய சிப்பியெல்லாம் சாக்கடை வழியாக மறுபடி கடலுக்கே திரும்பியிருக்கும். அந்தச் சிப்பிக்காவது வீடு திரும்பிய நிம்மதி.

வெட்டிய ஆஸ்பத்திரிக்கு இது தெரியாதா? தெரிந்திருக்கும். எந்த இடத்தை வெட்டினோம், அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்பது அவர்கள் படிப்பிலேயே இருக்கும். "நல்லா சத்தா சாப்பிடுங்க" என்று சொன்ன அதே வாயால், "நெய்யைக் குறைங்க, மிதந்தா வந்து சொல்லுங்க" என்று சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகியிருக்கும்? தையலை எப்படித் துடைப்பது என்று பாடம் நடத்தினார்கள். பாக்கிப் பணம் எந்த ஜன்னலில் கட்டுவது என்று ஆள் கூடவே வந்து காட்டினார்கள். வாயை எப்படி நடத்துவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார்கள். வாளி விளிம்பைப் பார்த்து விளங்கிக்கொண்டாள் என் மனைவி.

புது டாக்டர் மக்னீசியம் ஊசி வழியாக ஏற்றினார். அது குறைந்து கிடந்தால் கால்சியமும் ஏறாது என்றார். கொழுப்பில் கரைகிற வைட்டமினும் கொழுப்போடு போயிருக்கும் என்று அதற்கும் ஊசி. மாத்திரை அதேதான். ஆனால் எண்ணெய் படாத இட்லியோடு. நெய், சொதி, பொரிச்ச மீன், பரோட்டா எல்லாவற்றுக்கும் கும்பிடு. எண்ணெய் இல்லாத இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தந்தாள். அதை ஒரு மனிதன் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சாப்பிட்டேன்.

பெரிய சண்டை அடுத்த தூக்குவாளி வந்தபோதுதான். மனைவி அதை வாங்கவில்லை.

"அண்ணே, டாக்டர் நெய் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதுலதான் கால்சியம் எல்லாம் போகுதாம்."

மச்சான் வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"என் நெய்யிலயா?"

"உங்க நெய்யில இல்லண்ணே. எந்த நெய்யிலயும்."

"ஏளா, என் கடையில வாங்கிட்டுப் போற ஆளுக எல்லாரும் கை விரிச்சுத்தான் இருக்காங்க. உன் புருஷனுக்கு மட்டும் மடங்குதுன்னா அது நெய்க்குத்தமா? வனஸ்பதி கலந்திருக்குன்னு டாக்டர் சொன்னாளா? டெஸ்டுக்கு அனுப்புவோம். இன்னைக்கே அனுப்புவோம்."

"மச்சான்," என்றேன், "நெய் சுத்தம். குடல்தான் மட்டம்."

"உம்ம குடல் மட்டம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. ரகம் தெரிஞ்சு சரக்கு கொடுத்திருப்பேன்லா."

கோபித்துக்கொண்டு போனவர், மறுபடி வரும்போது கையில் நெய் இல்லை. கேழ்வரகு, கொள்ளு, வாழைத்தண்டு என்று ஒரு பை நிறைய. அதற்கும் காரணம் டாக்டர்தான். அடுத்த தடவை போனபோது மச்சானும் கூடவே வந்து, தன் நெய்க்காக வாதாடினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொழுப்பு அமிலம் எல்லாமே கெட்டதில்லை என்றார். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது நீளமான வகையாம். குட்டையான வகை ஒன்று உண்டாம். நாம் சாப்பிடும் நார்ச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அந்தக் குட்டை அமிலத்தைத் தயாரிக்குமாம். அது கால்சியத்தைச் சிறை பிடிக்காமல், கரைய வைத்து உள்ளே போக உதவி செய்யுமாம். என் பெருங்குடலை யாரும் தொடவில்லை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நார் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்.

குள்ளமானது உதவி செய்யும், நெடியது வம்பு பண்ணும் என்று கேட்டதும் எனக்கு அந்த அமிலத்தை உடனே பிடித்துப்போயிற்று. மச்சான் என்னைவிட ஒரு முழம் உயரம். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஆனால் மச்சான் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு கடைக்கு நெய் வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கால்சியம் பாடம் நடத்த ஆரம்பித்தார். "நெய் கால்சியத்தைத் தின்னுரும், கேழ்வரகு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். நல்ல குடல் உள்ளவனுக்கு ஒரு கரண்டி நெய் ஒன்றும் செய்யாது, குடல் அறுபட்ட என்னைப் போன்றவனுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "உமக்கு என்ன தெரியும், நீரு நோயாளி" என்றார். வாடிக்கையாளர்கள் எதிர்த்த கடைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் விஞ்ஞானத்தை விட்டார்.

எறும்பு ஊர்வது நின்றது. ஓடுவது குறைந்தது. காலையில் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், மூழ்கியிருந்தது. வாழ்க்கையில் ஒன்று மூழ்கியதற்காக நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, நல்லவேளையாகத் தண்ணீரை ஊற்றினேன். ரத்தத்திலும் கால்சியம் ஏறியிருந்தது.

தகுதிச் சான்றுக்குக் கம்பெனி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசரும் ஏதோ கையெழுத்துக்கென்று வந்து நின்றான். கால்சியம் குறைந்தால் கையை மடக்கிக் காட்டும் அந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்க்கச் சொல்லி நானே கேட்டேன். காற்றடித்தார். கை கனத்தது, நிறம் மாறியது. சூப்பர்வைசர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவரைப் பிடித்திருந்தபோது என்னைக் கேட்காமல் போன விரல்கள் அவை. அவற்றை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. விசிலும், ஆடும், கேட் நிழலும் கண் முன்னால் வந்தன. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். விரல்கள் விரிந்தபடியே கிடந்தன, சந்தையில் விலைபோகாத வெண்டைக்காய் மாதிரி. பட்டையை இறக்கினார்.

"ஏறலாம்," என்றார்.

சூப்பர்வைசர் வருத்தம் தெரிவிப்பான் என்று எதிர்பார்த்தேன். நடிப்பு என்று துறைமுகம் முழுக்கச் சொன்னவன். அவன் தெரிவித்த விதம் இது: மறுநாள் நான் ஏணிக்குப் பக்கத்தில் போகும்போது, ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தான். திருநெல்வேலியிலிருந்து வரவழைத்த அல்வா. இலையைத் தாண்டி, காகிதத்தைத் தாண்டி, நெய் அவன் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, முதல் துண்டு உங்களுக்கு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

"எனக்கு வேண்டாம்ப்பா."

"இன்னும் கோவமா?"

"கோவம் இருக்கு. அதுக்காக இல்ல. நெய் ஆகாது."

"பாத்தியளா, அண்ணாச்சி பெருமை பிடிச்ச ஆளு," என்று மற்றவர்களிடம் சொன்னான். என் நோயும் நடிப்பு, என் பத்தியமும் பெருமை. இவனிடம் சோப்புக் கம்பெனியை விளக்க எனக்கு நேரமில்லை. ஏறிவிட்டேன்.

மேலே அறை அப்படியே இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். லீவரைப் பிடித்தேன். கப்பலிலிருந்து முதல் பெட்டியை எடுத்து, மெதுவாகக் கரைப் பக்கம் நகர்த்தி, லாரிக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். கை என் கையாகவே இருந்தது. இறக்கச் சொல்லிச் சைகை காட்டக் கீழே ஆளில்லை.

எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் அல்வாவை முடித்துவிட்டு, சுவரோரம் இருந்த போர் குழாயைச் சுற்றி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சோப்புக் கட்டி கை மாறிக்கொண்டே இருந்தது. தேய்க்கிறார்கள், தேய்க்கிறார்கள், நெய் போகவில்லை, நுரை வரவில்லை. சூப்பர்வைசர் உள்ளங்கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு காலத்தில் என் கையைப் பார்த்தானே, அதே மாதிரி.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"தம்பி, பெட்டி வெயில் காயுது."

அவன் நிமிர்ந்து, பசபசவென்று ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் எனக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

"போவ மாட்டேங்கு அண்ணாச்சி."

"நடிக்காம வேலையப் பாரு," என்றேன். அவன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து சைகை காட்டினான். பெட்டியை இறக்கினேன். லாரி டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டே இருந்தார்.